கட்டி சோப்பு அழுக்கா?

பலர் கைபட்ட கட்டி சோப்பு அழுக்கு, பம்ப் பாட்டில்தான் சுத்தம் என்கிறார்கள். கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

திரவ சோப்புக்கு நியூயார்க் வில்லியம் ஷெப்பர்ட் 1865-லேயே காப்புரிமை பெற்றார். ஆனால் அது வீடுகளில் பரவியது 1980-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு அமெரிக்காவின் மினடோங்கா நிறுவனம் 'சாஃப்ட்சோப்'பை நாடெங்கும் விற்றது. போட்டிக்கு யாரும் வராதபடி அதன் தலைவர் ராபர்ட் டெய்லர் சுமார் 10 கோடி பம்புகளை முன்கூட்டியே வாங்கிக் குவித்தார்.

1988-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கிருமி பூசிய கட்டிகளால் 16 பேர் கை கழுவினார்கள். கழுவிய கைகளில் அந்தக் கிருமிகள் காணப்படவில்லை. ஆய்வு செய்தவர்கள் சோப்பு நிறுவனத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே வீட்டுப் பெரியவர்கள் கட்டி சோப்பு கேட்டால் முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுங்கள். தண்ணீர் வடியும் டப்பாவில் வையுங்கள், போதும்.