முத்திரையும் கடனும்: தொலைவழி வணிகப் பட்டத்தின் விலை வரலாறு

அமெரிக்காவில் இணையவழியாக எம்.பி.ஏ. படிக்க நினைப்பவர் கட்டணங்களை ஒப்பிட உட்கார்ந்தால் முதலில் திகைத்துத்தான் போவார். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகம் 2011இல் தொடங்கிய படிப்புக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பேன் வளாகம் 2016இல் தொடங்கிய படிப்புக்கு ஆரம்பத்தில் சுமார் 22,000 டாலர். இரண்டும் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள். வணிகக் கல்லூரிகள் பெரிதும் மதிக்கும் ஏ.ஏ.சி.எஸ்.பி. அங்கீகாரம் இரண்டுக்குமே உண்டு. நிதி, சந்தையியல், கணக்கியல் என்று பாடங்களும் ஏறத்தாழ ஒன்றே. பாடத்தில் இல்லாத இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? தொலைவிலிருந்து கற்பிக்கும் வணிகப் படிப்பின் வரலாற்றைப் பார்த்தால், கற்பிக்க ஆகும் செலவை ஒட்டி அதன் விலை அமைந்த காலம் அரிது. படிப்பவர் கையில் யாருடைய பணம் எவ்வளவு இருந்தது என்பதை ஒட்டியே அது ஏறியது, இறங்கியது. அந்தப் பணத்துக்கு வாசல் காத்தது அங்கீகார முத்திரை.

தபால் வழியே பாடம் விற்ற காலத்தில் முத்திரைக்கு வேலை இருக்கவில்லை. பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரில் 1891இல் தாமஸ் ஃபாஸ்டர் தொடங்கிய பள்ளி, சுரங்கத் தொழிலாளர்களைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்துவதில் ஆரம்பித்து, கணக்கெழுதுதல், சுருக்கெழுத்து வரை பரவியது. சிகாகோவில் 1908இல் பிறந்த லாசால் எக்ஸ்டென்ஷன் பள்ளி வணிகப் பாடங்களையே முக்கியச் சரக்காக வைத்துக்கொண்டது. தவணை முறையில் கட்டணம், வீடு வீடாகப் போகும் விற்பனையாளர், பத்திரிகை விளம்பரம்: இவைதான் இந்தத் தொழிலின் தூண்கள். சேர்ந்தவர்களில் மிகச் சிலரே முடித்தார்கள். பாதியில் நின்றவருக்குப் பாடம் அனுப்பும் செலவும் விடைத்தாள் திருத்தும் செலவும் மிச்சம். அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி தவணை மட்டும் வந்துகொண்டிருக்கும். 1926இல் ஜான் நாஃப்சிங்கர் இந்தப் பள்ளிகளை ஆராய்ந்து எழுதியதும், அதே ஆண்டு நல்ல பள்ளிகளைப் பிரித்துக் காட்ட ஒரு தேசிய மன்றம் அமைந்ததும் இதனால்தான். ஆனாலும் பணம் படிப்பவரின் சொந்தப் பணம். ஒரு குமாஸ்தாவின் சம்பளத்துக்கு எட்டாத விலையை எந்தப் பள்ளியும் வைக்க முடியவில்லை.

1944இல் நிலைமை மாறியது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான சட்டம், ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணத்தை அரசே தரும் என்றது. அந்தக் காலத்தில் ஹார்வர்டில் படிக்கவே அது போதும். வீரர்களின் படிப்புப் பணத்தை நம்பி லாபநோக்குப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. டெக்சாஸ் உறுப்பினர் ஓலின் டீக் தலைமையிலான நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, போலி வருகைப் பதிவேடும் ஊதிப் பெருக்கிய கட்டணமும் வெளிவந்தன. விளைவாக வந்த 1952ஆம் ஆண்டுச் சட்டம், தரம் பார்க்கும் பொறுப்பை அரசு நேரடியாக ஏற்காமல், அங்கீகாரம் தரும் தனியார் அமைப்புகளின் பட்டியலை வெளியிட்டு அவற்றின் சொல்லை நம்பியது. கல்லூரிகள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் மதிப்பிட்டுக்கொள்ள ஏற்படுத்திய ஏற்பாடு, அரசுப் பணத்துக்கு நுழைவுச் சீட்டானது. 1965இன் உயர்கல்விச் சட்டம் அந்தச் சீட்டை மாணவர் கடன் வரை நீட்டியது. 1972இன் திருத்தம் லாபநோக்குப் பள்ளிகளுக்கும் அதே வாசலைத் திறந்துவிட்டது. பணத்தைக் கொடுப்பவர் தரத்தைப் பார்ப்பதில்லை, தரத்தைப் பார்ப்பவர் விலையைக் கேட்பதில்லை. எந்த அங்கீகார அமைப்புக்கும் கட்டணம் நியாயமா என்று கேட்டு முத்திரையை மறுக்கும் வழக்கம் இருந்ததில்லை. இந்தப் பிளவுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர் என்பது என் கணிப்பு.

ஒருமுறை அரசு கதவைச் சாத்தியும் பார்த்தது. பாதிக்கு மேற்பட்ட பாடங்களைத் தபாலில் நடத்தும் கல்லூரிக்கு மாணவர் உதவிப் பணம் இல்லை என்று 1992இல் விதி வந்தது. சேர்த்துவிடும் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பதும் அதே ஆண்டு தடைசெய்யப்பட்டது. இணையம் பரவியபோது முதல் விதி பழமையாகத் தோன்றியது. 2006 பிப்ரவரியில் கையெழுத்தான சட்டம் இணையவழிக் கல்லூரிகளுக்கு அதிலிருந்து விலக்களித்தது. முதுகலை மாணவர்கள் படிப்புக்கு ஆகும் முழுச் செலவையும் அரசிடமே கடனாக வாங்கலாம் என்ற ‘கிராட் பிளஸ்’ திட்டமும் அதே சட்டத்தில்தான் பிறந்தது. கல்லூரி என்ன விலை சொன்னாலும் அதுவே கடன் வரம்பு. இவ்விரண்டும் ஒரே சட்டத்தில் வந்தது தற்செயலாகவே இருக்கலாம். விளைவு தற்செயலாக இல்லை. 1976இல் ஜான் ஸ்பெர்லிங் தொடங்கிய ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010 வாக்கில் நாலரை லட்சம் பேருக்கு மேல் படித்தார்கள். அதன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசின் மாணவர் உதவிப் பணம். 2012இல் செனட்டர் டாம் ஹார்க்கின் குழு வெளியிட்ட அறிக்கை முப்பது லாபநோக்கு நிறுவனங்களின் கணக்கைப் பிரித்துக் காட்டியது: விளம்பரத்துக்கும் ஆள் சேர்ப்புக்கும் வருமானத்தில் 22.7 சதவீதம், லாபம் 19.4 சதவீதம், கற்பித்தலுக்கு 17.2 சதவீதம். அவற்றின் இளங்கலைப் பட்டம் மாநிலத்தின் தலைமைப் பல்கலைக்கழகப் பட்டத்தைவிடச் சராசரியாக 20 சதவீதம் அதிக விலை.

இது லாபநோக்குக் கல்லூரிகளின் பேராசை மட்டும்தான் என்று சொல்லி ஒதுங்கிவிட முடியாது. 2011இல் அமெரிக்கக் கல்வித் துறை ஒரு விளக்கக் கடிதம் வெளியிட்டது. மாணவர் சேர்ப்பைப் பிற சேவைகளோடு சேர்த்து ஒரே பொதியாகத் தரும் நிறுவனம், கட்டணத்தில் பங்கு வாங்கிக்கொள்ளலாம் என்றது அது. கமிஷன் தடையில் விழுந்த ஓட்டை இது. அதன் வழியே நுழைந்த இடைநிலை நிறுவனங்கள் பேர்பெற்ற பல்கலைக்கழகங்களின் இணையப் படிப்பை நடத்திக் கொடுத்து, கட்டணத்தில் பாதியையும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டன. சேப்பல் ஹில்லின் எம்.பி.ஏ.வும் 2யூ என்ற நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கியதுதான்.

தரமான இணையப் படிப்பு மலிவாக வராது என்பது இதற்கு வழக்கமான மறுமொழி. படப்பிடிப்பு, மென்பொருள், இரவு நேர நேரலை வகுப்பு, சிறு குழுக்கள் எல்லாம் செலவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இல்லினாய் அதே தரத்து முத்திரையோடு ஐந்தில் ஒரு பங்கு விலையில் நடத்துகிறது. பெரும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு செலவைப் பங்கிட்டது. அந்தப் படிப்பு நிலைத்த பிறகு, வளாகத்தில் நடந்த முழுநேர எம்.பி.ஏ.வை நிறுத்தப்போவதாக 2019இல் அறிவித்தது. 1997இல் மேற்கு மாநில ஆளுநர்கள் கூடி உருவாக்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம், ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், முடிந்தவரை எத்தனை பாடம் வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்று பல ஆண்டுகள் ஏறத்தாழ 3,000 டாலரில் வணிகப் படிப்பை நடத்தியது. பேரும் பழைய மாணவர் தொடர்பும் விலையில் சேராதா என்றால், சேரும். ஆனால் வாங்குபவரால் கட்ட முடிகிற அளவுக்குத்தான் பேருக்கும் விலை போகும்.

கூர்மையான ஆட்சேபம் வேறொன்று: எம்.பி.ஏ. படிப்பவர்களில் பலருக்கு வேலை கொடுத்த நிறுவனமே கட்டுகிறதே, அரசுக் கடனை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? அந்தக் கணக்கும் என் வாதத்துக்கே துணை நிற்கிறது. ஊழியரின் படிப்புக்கு நிறுவனம் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கொடுத்தால் வரி இல்லை. 1986 முதல் பல பத்தாண்டுகள் இந்த எண் நகரவே இல்லை. சில இணையக் கல்லூரிகள் ஆண்டுக் கட்டணத்தை இந்தத் தொகைக்குள் அடக்கி, அதையே விளம்பரமும் செய்கின்றன. செலவு எப்படி இத்தனை பொருத்தமாக வரித்துறை எண்ணோடு ஒத்துப்போகும்? கடன்தான் விலையை ஏற்றியது என்பதற்குச் சான்று கேட்பவர்களுக்கு, ஸ்டெஃபனி செலினியும் பின்னாளில் நோபல் பெற்ற கிளாடியா கோல்டினும் செய்த ஆய்வு இருக்கிறது. அரசு உதவிக்குத் தகுதி பெற்ற லாபநோக்குப் பள்ளிகள், தகுதி பெறாத அதே வகைப் பள்ளிகளைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு அதிகம் வசூலிப்பதை அவர்கள் கண்டார்கள். அரசுக் கல்லூரிகளைப் பற்றிய ஆய்வுகள் இப்படி ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கீகாரத்தையே எடுத்துவிடலாம் என்பதும் என் கட்சியல்ல. அது இல்லாவிட்டால் காசுக்குப் பட்டம் அச்சடிப்பவர்களின் காடாகிவிடும். அந்த முத்திரை குறைந்தபட்சத் தரத்துக்குச் சாட்சி. விலைக்கு அது சாட்சி இல்லை.

2024 ஜூலையில் 2யூ திவால் பாதுகாப்பு கோரியது. 2025 ஜூலையில் வந்த சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு ‘கிராட் பிளஸ்’ திட்டத்தை மூடியது, எம்.பி.ஏ. போன்ற முதுகலைப் படிப்புகளுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர் என்று வரம்பு கட்டியது. இரண்டாண்டுப் படிப்புக்கு அது 41,000 டாலர். இல்லினாயின் கட்டணம் அதற்குள் அடங்கும். லட்சம் டாலர் படிப்புகள் அடங்கா.