மெக்சிகோ நகரக் கொள்கை

அமெரிக்க அரசின் குடும்பக் கட்டுப்பாட்டு நிதியைப் பெறும் பிற நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் கருக்கலைப்பு செய்யக் கூடாது, அதற்கு வழிகாட்டவும் கூடாது என்று தொடங்கிய நிபந்தனை. பாலியல் வன்முறை, தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளுக்கு விலக்கு உண்டு. எதிர்ப்பவர்கள் இதை ‘உலக வாய்ப்பூட்டு விதி’ என்பார்கள். அதுவே பொருத்தமான பெயர்.

உதவியோடு நிபந்தனை வருவது புதிதல்ல. 1966-இல் வறட்சியில் தவித்த இந்தியாவுக்கு அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமையைச் சிறுகச் சிறுகத்தான் அனுப்பினார். குடும்பக் கட்டுப்பாட்டை முடுக்கிவிட வேண்டும் என்ற நெருக்குதலும் அதோடு சேர்ந்தே வந்தது. 1973-இல் காற்று திசை மாறியது. செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவந்த திருத்தம், குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்பு செய்ய அமெரிக்க உதவிப் பணம் போவதைத் தடுத்தது.

1984 ஆகஸ்டில் மெக்சிகோ நகரில் கூடிய பன்னாட்டு மக்கள்தொகை மாநாட்டில் ரீகன் அரசு அறிவித்த கொள்கை அதையும் தாண்டியது. வேறு நாடு தந்த பணத்திலோ தன் சொந்தப் பணத்திலோகூட ஒரு நிறுவனம் கருக்கலைப்புச் சேவையைத் தரக் கூடாது. சட்டத்தைத் தளர்த்தும்படி தன் நாட்டு அரசிடமே கேட்கக் கூடாது. அமெரிக்க நிறுவனங்களின் சொந்தப் பணத்துக்கு இந்தத் தடை அப்போது இருக்கவில்லை.

நேபாளத்தில் கருக்கலைப்புக்காகப் பெண்கள் சிறையில் கிடந்த காலம் அது. கிளின்டன் நீக்கியிருந்த விதியை 2001-இல் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் திரும்பக் கொண்டுவந்தபோது, சட்டத் திருத்தம் கோரிவந்த நேபாளக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் கையெழுத்திட மறுத்து அமெரிக்க நிதியை இழந்தது. 2002-இல் அந்நாடு கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது.

ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நீக்குவதும் குடியரசுக் கட்சியினர் மீட்பதும் வழக்கமாயிற்று: கிளின்டன் 1993, ஒபாமா 2009, பைடன் 2021 ஆகிய ஆண்டுகளில் நீக்கினர். டிரம்ப் 2017-இல் மீட்டதோடு, ஏறத்தாழ 880 கோடி டாலர் உலகச் சுகாதார நிதி முழுவதற்கும் விரித்தார். 2025 ஜனவரியில் மறுபடியும் கொண்டுவந்தார்.

விளைவை 2019-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வு காட்டுகிறது. சகாராவுக்குத் தெற்கிலுள்ள 26 ஆப்பிரிக்க நாடுகளை அது ஆராய்ந்தது. புஷ் காலத்தில், அமெரிக்க உதவியைப் பெரிதும் நம்பியிருந்த நாடுகளில், மற்ற நாடுகளோடு ஒப்பிடும்போது, நவீனக் கருத்தடைப் பயன்பாடு ஏறத்தாழ 14% குறைந்தது. கருக்கலைப்பு ஏறத்தாழ 40% கூடியது. ஆய்வாளர்கள் கருதும் காரணம் எளிது: நிதி இழந்த நிறுவனங்களே பல ஊர்களில் கருத்தடை மாத்திரையும் ஊசியும் தந்துவந்தவை. கருக்கலைப்பைக் குறைப்பதுதான் நோக்கமென்றால், இந்தக் கொள்கை தோற்றுவிட்டது.