வேலையின்மை விகிதம்: கணக்கிடும் முறை

தொழிலாளர் படையில் வேலையில்லாதோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே வேலையின்மை விகிதம். வேலை செய்வோரும், வேலை கிடைத்தால் செய்யத் தயாராக இருப்போரும் சேர்ந்ததே தொழிலாளர் படை. படிப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர்கள் இதில் சேர மாட்டார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களின் எண்ணிக்கை வேறு. அதிலிருந்து இந்த விகிதம் எடுக்கப்படுவதில்லை.

இந்தியாவில் 1972-73 முதல் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த மாதிரிக் கணக்கெடுப்பின் இடத்தில், 2017 ஏப்ரலில் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு (பிஎல்எஃப்எஸ்) வந்தது. தேர்வாகும் வீடுகளுக்குக் களப்பணியாளர்கள் நேரில் சென்று, ஒவ்வொருவரும் என்ன வேலை செய்தார் என்று கேட்டுப் பதிகிறார்கள். 2025 முதல் மாதந்தோறும் விகிதம் வெளியாகிறது.

இதில் இரண்டு அளவுகோல்கள் முக்கியம். வழக்கமான நிலை கடந்த 365 நாட்களைப் பார்க்கும். துணைத் தொழிலாக 30 நாள் உழைத்திருந்தாலும் அவர் வேலையுள்ளவர். நடப்பு வார நிலை கடந்த 7 நாட்களை மட்டும் பார்க்கும். அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். 2023-24இல் வழக்கமான நிலைப்படி நாட்டின் விகிதம் 3.2%, 2025 ஏப்ரலுக்கான முதல் மாத அறிக்கை வார நிலைப்படி காட்டியது 5.1%. அளவுகோல் வேறு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து வேலையின்மை ஏறிவிட்டது என்று சொல்லக் கூடாது.

வடசென்னையின் காசிமேட்டில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மற்ற மாதங்களில் கடலுக்குப் போகிறவர் வழக்கமான நிலைப்படி வேலையுள்ளவர்தான். அந்த வாரம் முழுக்கச் சும்மா இருந்து, வேலை கிடைத்தால் செய்யத் தயாராகவும் இருந்தால், வார நிலைப்படி அவர் வேலையில்லாதவர். அதே வாரத்தில் ஒரு நாள் கூலிக்கு வலை சரிசெய்யப் போயிருந்தால் மறுபடியும் வேலையுள்ளவர். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கருவாடு காயவைக்கும் பெண்ணும் அப்படியே. திருவொற்றியூரில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் லோடு கிடைக்கும் சுமைதூக்கும் தொழிலாளியும், எண்ணூர் ஆலையில் மாதம் முழுதும் ஷிப்டு பார்ப்பவரும் ஒரே பட்டியலில் வருவார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் உதாரணம்: 100 பேரில் 48 பேர் வேலையில், 2 பேர் வேலையில்லாதவர்கள். தொழிலாளர் படை 50, விகிதம் 4%. அந்த இருவரில் ஒருவர் மனம் வெறுத்து, இனி வேலையே வேண்டாம் என்று ஒதுங்கினால், விகிதம் ஏறத்தாழ 2% ஆகிவிடும். ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, ஆனால் எண் பாதியாகிறது. ஆகவே தொழிலாளர் படைப் பங்கேற்பு விகிதத்தைச் சேர்த்துப் படிக்காமல் வேலையின்மை குறைந்தது என்று சொல்வது தவறு. வேலை செய்த மணி நேரத்தையும் வருமானத்தையும் இதே கணக்கெடுப்பு கேட்டுப் பதிகிறது. அன்றாடக் கூலியை நம்பியிருப்போரின் நிலையை அறிய அந்த அட்டவணைகளே அதிகம் உதவும். மாத அறிக்கை நாடு முழுமைக்குமான நகர, கிராம எண்களையே தருகிறது. ராயபுரத்துக்கோ எண்ணூருக்கோ தனி விகிதம் அதில் இல்லை.