மலைநாடு திரைக்கு வந்த கதை

மாத்தளைக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் இரத்தோட்டை. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களுக்குத் திரைப்படம் என்பது நெடுங்காலம் கோடம்பாக்கத்திலிருந்து கப்பலேறி வந்த பொருளாகவே இருந்தது. அப்படங்களில் மதுரை வீதியும் தஞ்சை வயலும் தோன்றின. லயத்துக் காம்பராவும் பிரட்டுக்களமும் தோன்றவில்லை.

இலங்கையின் முதல் தமிழ்ப்படமான ‘சமுதாயம்’ 1962இல் 16 மில்லிமீற்றர்ச் சுருளில் உருவாயிற்று. 35 மில்லிமீற்றர்ச் சுருளில் முதலாவதாக 1963இல் வெளிவந்தது கிருஷ்ணகுமாரின் ‘தோட்டக்காரி’. பெயரே சொல்வதுபோல் அதன் களம் மலையகம்.

ஆயினும், படம் எடுப்பது வேறு. படக் கம்பெனி நடத்துவது வேறு. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், படப்பிடிப்புத் தளமும் மாதச் சம்பளக் கலைஞரும் கொண்ட ஓர் ஆலைபோல் இயங்கியது. ஒரு படம் தோற்றால் அடுத்த படம் நட்டத்தை ஈடுசெய்யும். இலங்கைத் தமிழ்க் கம்பெனியோ, பெரும்பாலும் ஒரே படத்திற்காகத் தோன்றி அப்படத்தோடு மறைந்தது. 35 மில்லிமீற்றர்ச் சுருள் நிமிடத்திற்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆகவே இரண்டு மணி நேரப் படத்தின் பிரதி ஒவ்வொன்றுக்கும் 10,800 அடிச் சுருள் வேண்டும். நாலைந்து தமிழூர்களின் படமாளிகைகளை நம்பி அச்செலவைச் செய்பவர் துணிச்சல்காரரே.

1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கையில் எடுத்தது. இந்தியப் படங்களின் வரவு குறைந்தமையால் உள்ளூர்த் தயாரிப்பாளருக்கு வழி பிறந்தது. அவ்வேளையில்தான் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன், 1975இல் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து, தாமே நாயகனாகவும் நடித்தார். எஸ். இராமநாதன் இயக்கினார். எழுத்துப் பொறுப்பு தெளிவத்தை ஜோசப்பிடம் சென்றது. பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் பிறந்த எழுத்தாளர் அவர். தோட்டத்தின் பேச்சையும் துயரையும் அறிந்த ஒருவரைக் கதைக்கு நாடியதே அம்முயற்சியின் சிறந்த முடிவு எனலாம். கமெராவை வாடகைக்குப் பெறலாம்; அந்த அறிவைப் பெற இயலாது.

கதை தேடும் வழி வேறு சிலருக்கு வானொலியில் கிடைத்தது. ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் தொடர் நாடகத்தை நேயர்கள் ஆவலோடு கேட்டு மகிழ்ந்தனர். பாத்திரத்திற்கு ஒரு பேச்சுத்தமிழ் என அமைந்த நாடகம் அது. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற படமாயிற்று. படம் பிறக்குமுன்னரே அதற்கு இரசிகர் இருந்தனர். எந்தக் கம்பெனிக்கும் இதைவிட நல்ல முதலீடு ஏது? 1978இல் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலும் திரையேறியது.

இவ்வளவும் சில ஆண்டுகளே. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. இயக்குநர் வெங்கட் கொல்லப்பட்டார். படங்கள் பலவற்றின் மூலச்சுருள்கள் சாம்பலாயின. மூலச்சுருள் அழிந்தால் புதிய பிரதி எடுக்க வழியில்லை. ஓடித்தேய்ந்த பழைய பிரதிகளே மிச்சம்.

தெளிவத்தை ஜோசப் 2022இல் காலமானார். தோட்டத்தைப் பற்றி அவர் எழுதிய சிறுகதைகள் நூல்வடிவில் இருக்கின்றன. அவற்றுக்கு நெகட்டிவ் தேவைப்படவில்லை.