லாரி விபத்தும் பணிக்காயமும் (இந்தியா)

சரக்கு லாரியின் ஓட்டுநர், கிளீனர், சுமை தூக்குவோர் ஆகியோருக்குச் சாலையே பணியிடம். வேலையின்போது அங்கு நேரும் காயம் பணிக்காயமாகும். மூக்கில்லாத தட்டை முகப்பு லாரிகளில், நின்றிருக்கும் வண்டியின் பின்னால் மோதினால் முதலில் நசுங்குவது ஓட்டுநரின் கால்கள். இரும்புக் கம்பி போன்ற பாரம் சரியாகக் கட்டப்படாவிட்டால், திடீரென பிரேக் போடும்போது முன்னே சரிந்து கேபினைத் துளைக்கும்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பணிக்காய இழப்பீட்டின் அடித்தளம். பின்னர் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது சேர்க்கப்பட்டது. தவறு யாருடையது என்பது இதில் பெரும்பாலும் முக்கியமில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி வழக்குத் தொடுத்தால், தன் கவனக்குறைவால் கவிழ்த்த ஓட்டுநருக்குப் பொதுவாக எதுவும் கிடைக்காது, இச்சட்டத்திலோ கிடைக்கும். குடிபோதை முதலிய விலக்குகள்கூட மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் பொருந்தா. இரு வழிகளுள் ஒன்றையே தேர்ந்தெடுக்க முடியும்.

மரணத்துக்கு மாதக் கூலியின் 50 சதவீதமும், முழு ஊனத்துக்கு 60 சதவீதமும் வயதுக்குரிய காரணியால் பெருக்கப்படும். கணக்கில் கொள்ளும் கூலிக்கு 2020இல் வைத்த உச்சவரம்பு ரூ.15,000. நடைப்படி, பேட்டா என வாங்கும் ஓட்டுநர் அந்தக் கூலியை நிரூபிப்பதே பெரும்பாடு.

மோதல் இல்லாத மரணமும் இதில் அடங்கலாம். நெடும்பயணத்தில் உடல்நிலை குன்றி, லாரியை ஓரங்கட்டியபின் இறந்த ஓட்டுநரின் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுரிமையை ஏற்றது.