தாழ்வாரம் வீதிக்குரியது

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. தொடர்ந்த மாதங்களில் கோட்டை, ஆளுநர் மாளிகை என்று நகரின் பெரும்பகுதி இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. நகரம் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்புதான், முற்றுகையின் நடுவே, நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். அந்த அழிவுக்குத் தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்று, அவர் 1730களில் கட்டிய வீடு. கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள் நிற்கின்றன. மாடியில் ஐரோப்பியப் பாணியில் சுண்ணாம்பு பூசிய தூண்கள். துய்ப்ளேக்சின் துபாஷியாக இரு மொழிகளுக்கு நடுவே வாழ்ந்தவரின் வீடும் அப்படியே அமைந்தது பொருத்தம்தான்.

பழைய வீட்டை அதன் இயல்பு கெடாமல் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த வீட்டை நினைத்துக்கொள்வேன். இதன் இயல்பு எது? கீழ்த்தளமா, மாடியா? ‘அசல்’ என்று ஒன்றைத் தேர்ந்து மற்றதைக் களைந்தால் எஞ்சுவது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடாக இராது.

1765இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோடுகளின் மீதே நகரை மீண்டும் எழுப்பினர். வாய்க்காலுக்குக் கிழக்கே அவர்கள் வாழ்ந்த பகுதியில் வீடுகள் உயர்ந்த மதிலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றன. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியின் வீடுகளோ தெருவை நோக்கித் திறந்திருந்தன. அவற்றின் முகப்பில் முதலில் வருவது தாழ்வாரம்: மெல்லிய மரக்கால்களின் மேல் சரிந்திறங்கும் ஓட்டுக்கூரை. அதன் நிழல் விழுவது நடைபாதையின் மீது. அடுத்து, வாசற்கதவின் இருபுறமும் திண்ணை. கதவுக்குப் பின்னால் நடை, முற்றம், கூடம். மாடிக்குப் போனால் காட்சி மாறிவிடும். வளைவுச் சன்னல்கள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவரில் பூவேலை. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. நகரின் செல்வர்கள் யாரும் கட்டாயப்படுத்தாமலே அமைத்துக்கொண்ட இலக்கணம் இது.

இந்த வரிசையில் தாழ்வாரத்தைத்தான் நான் முதன்மையானது என்பேன். திண்ணைக்கு நம் இலக்கியத்தில் புகழ் உண்டு. தாழ்வாரத்தை யாரும் அவ்வளவாகப் பாடவில்லை. ஆனால் திண்ணையாவது வீட்டாருடையது. தாழ்வாரமோ வீட்டுக்காரர் தம் செலவில் தெருவுக்குப் போட்ட நிழல். வீடுகள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டி நின்றதால், உச்சிவெயிலில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிழலிலேயே நடந்துவிட முடிந்தது. ஒரு வீட்டின் தாழ்வாரம் போனால் பக்கத்து வீடுகளின் தாழ்வாரங்களும் பாதிப் பயனை இழந்தன.

அப்படித்தான் அவை ஒவ்வொன்றாகப் போயின. திண்ணைக்கு இரும்புக் கம்பி அடைப்பு வந்தது. தாழ்வாரம் இருந்த இடத்தில் கடையின் உருளைக் கதவு வந்தது. பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தபோது முற்றத்தின் குறுக்கே சுவர் எழுந்தது. பழைய வீடுகளைக் கவனிப்பாரில்லை என்று பொதுவாக வருந்துகிறோம். ஆனால் நகரின் நடுவே மனையின் விலை அதன்மீது நிற்கும் வீட்டின் விலையைத் தாண்டிய பிறகு, பாகம் கேட்டு நிற்கும் வாரிசுகளிடம் அழகியல் பேசிப் பயனில்லை.

இந்நிலையில் வைசியாள் வீதியில் நடந்த முயற்சி குறிப்பிடத் தக்கது. கால்வே சுப்பராய செட்டி வீதி என்பது அதன் மற்றொரு பெயர். 2000களின் முற்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தின்கீழ், இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சூர்-லோவும் துணைநிற்க, இன்டாக் அமைப்பினர் தனி வீடுகளைத் தேர்ந்தெடுக்காமல் வீதியின் ஒரு பகுதியையே சீரமைத்தனர். பிற்காலச் சேர்க்கைகள் அகற்றப்பட்டன. தாழ்வாரங்கள் மீண்டும் இறங்கின. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று இவ்வீதிக்குக் கிடைத்தது.

முகப்பை மட்டும் சரிசெய்வது வெறும் ஒப்பனை என்று ஒரு விமர்சனம் உண்டு. பல ஊர்களுக்கு அது பொருந்தும். இங்கே அவ்வளவு எளிதாக அதை ஏற்க முடியவில்லை. தாழ்வாரமே முகப்பாக இருக்கும் வீதியில், முகப்பை மீட்பது பொது நிழலை மீட்பதாகும்.

வீட்டுக்குள்ளே பிரச்சினை வேறு. அதன் பெயர் சிமெண்ட். இவ்வீடுகளின் செங்கல் மென்மையானது, ஈரத்தை உறிஞ்சி விடுவது. அதைப் பிணைத்த சுண்ணாம்புக் காரையும் அதே குணமுடையது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசினார்கள். பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகிறது. சுவரில் ஏறும் ஈரம் இந்தப் பூச்சின் வழியே வெளியேறிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழியில்லை. உள்ளே தங்கிய நீர் உப்பைக் கொண்டுவந்து செங்கல்லிலேயே படியவிடும். கடலோர ஊரில் உப்புக்கா பஞ்சம்! சில ஆண்டுகளில் சிமெண்ட் பூச்சு உறுதியாக நிற்கும், அதற்குப் பின்னால் செங்கல் பொடியாகிக் கொட்டும். வீட்டைப் பலப்படுத்துவதாக எண்ணிச் செய்த செலவே அதைக் கொல்கிறது.

மாடித் தளமும் அப்படித்தான். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் அந்த அமைப்பில், மரச்சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்பார்கள். சட்டம் ஒன்று இற்றுப்போனால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் மாற்றத் தெரிந்த கொத்தனார் வேண்டும். அவர் கிடைக்காதபோது பொறியாளர் ஒருவர் வந்து, இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்பார்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதே கேள்வி பெரும் சண்டையாக இருந்தது. பிரான்சில் வியோலே-லெ-டுக், ஒரு கட்டடம் எக்காலத்திலும் அடைந்திராத முழுமையைக்கூட அதற்கு அளிக்கலாம் என்று கருதினார்; பியர்போன் கோட்டையை அவ்வாறே எழுப்பிக் காட்டினார். இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் 1877இல் இதற்கு எதிராக ஒரு சங்கமே தொடங்கினார். பழுதைப் பாருங்கள், காலத்தைத் திருப்ப முயலாதீர்கள் என்பது அவர் நிலைப்பாடு. என் மனம் மாரிஸ் பக்கம்தான். ஆனால் புதுச்சேரியில் மாரிசுக்கும் தடுமாற்றம் வந்திருக்கும். கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மேரி என்னும் நகரமன்றக் கட்டடம் பல ஆண்டுகள் பழுது பார்க்கப்படாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் சரிந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. தோற்றம் பழையது, உடல் புதியது. வெற்றுமனையாகக் கிடப்பதைவிட இது மேல் என்பவர்களிடம் சண்டையிட எனக்கு மனமில்லை. ஆயினும் உரிய காலத்தில் பார்த்த பழுதுக்கு அது ஈடாகாது.

சீரமைக்கப்பட்ட தமிழ் வீடுகளில் சில இன்று தங்கும் விடுதிகள். முற்றத்தில் உணவு மேசைகள், திண்ணையில் பெயர்ப்பலகை. இதைக் கேலி செய்வது எளிது. விடுதிக்காரர்தான் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்களுக்குத் தொடர்ந்து கூலி தருகிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குடும்பங்கள் வாழும் வீடுகளில் அந்தச் செலவை யார் ஏற்பது என்பது தீரவில்லை. தாழ்வாரத்தின் நிழலோ அந்த வீட்டாருக்கு மட்டும் விழுவதில்லை. அதன் ஓடு மாற்றும் செலவு மட்டும் அவர்கள் தலையில் விழுகிறது.