பதிவேட்டிலிருந்து குறுந்தகட்டுக்கு: நம் முன்னோர் பெயர்களின் பயணம்



இம்மலரைக் கையில் ஏந்தும் நம்மில் பெரும்பாலோரின் பெயர் ஏதோ ஒரு கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானத்தாய், ஞானத்தந்தை என்று ஓரிரு வரிகளில் அடங்கும் அவ்வெழுத்து நம் குடும்ப வரலாற்றுக்கு முதற்சான்று. இத்தகைய ஏடுகள் எவ்வாறு தோன்றின, உலகின் பல நாடுகளில் அவை பிலிமாகவும் குறுந்தகடாகவும் மாறிப் பல கம்ப்யூட்டர்களில் ஒரே வேளையில் படிக்கத்தக்க தொகுப்புகளானது எங்ஙனம், அதில் நமக்குப் பாடம் யாது என்பதை இவ்விழா நாளில் எண்ணிப் பார்ப்பது நலம்.

ஏடுகள் பிறந்த கதை

1563-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் திரிதெந்து பொதுச்சங்கம் திருமணம் பற்றிய புகழ்பெற்ற ஆணையை வெளியிட்டது. அந்நாளில் சாட்சியின்றி மறைவாக நடந்த திருமணங்களால் குடும்பங்கள் பல சீரழிந்தன. ஆகவே, மூன்று முறை ஓலை வாசிக்கவும், பங்குக்குருவும் சாட்சிகளும் முன்னிற்க மணம் முடிக்கவும், மணமக்கள் பெயரையும் சாட்சிகள் பெயரையும் நாளையும் இடத்தையும் குருவானவர் ஏட்டில் எழுதிவைக்கவும் சங்கம் பணித்தது. ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதச் சொன்னது. எவர் எவருக்கு உறவு என்று தெரிந்தால்தான் திருமணத் தடை உண்டா இல்லையா எனச் சொல்ல முடியும் என்பதே இதன் காரணம். உறவை அறியும் நோக்கம் தொடக்கத்திலேயே இவ்வேடுகளோடு பிறந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1614-இல் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், மரணம், பங்கிலுள்ள ஆன்மாக்களின் நிலை ஆகிய ஐந்துக்கும் ஏடுகளை வகுத்தது. இங்கிலாந்தில் அதற்கு முன்பே, 1538-இல், அரசாங்க ஆணையால் பங்குப் பதிவேடுகள் தொடங்கின. அரசாங்கங்கள் பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்குமுன், ஏழை எளியவரின் பெயரையும் விடாது எழுதிவைத்தவை பெரும்பாலும் இவ்வேடுகளே.

பிலிமும் குறுந்தகடும்

அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 1894-இல் மார்மன் சபையார் ஒரு வம்சாவளிச் சங்கத்தை நிறுவினர். 1938 முதல் அச்சங்கம் பல நாட்டுக் கோயில் ஏடுகளையும் அரசாங்க ஏடுகளையும் மைக்ரோபிலிமில் படம் பிடித்தது. அப்பிலிம்களைக் காக்க அந்நகரை அடுத்த கருங்கல் மலையைக் குடைந்து கட்டிய பெட்டகம் 1965-இல் முடிந்தது. அங்குச் சேர்ந்த சுருள்கள் சுமார் 24 லட்சம்.

ஆனால் பிலிமில் ஒரு பெயரைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவது போன்றது. எனவே பெயர்களைத் தனியே எடுத்தெழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றினர். 1984-இல் குடும்ப விவரங்களை ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற 'ஜெட்காம்' என்னும் பொது அமைப்பு வந்தது. 1980-களின் இறுதியிலிருந்து பெயர் அட்டவணைகள் குறுந்தகடுகளில் வெளிவரலாயின. ஒரு தகட்டில் ஏறக்குறைய 650 மெகாபைட் அடங்கும். பல அலமாரி நூல்களின் எழுத்து அது. 1880-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள் கணக்கெடுப்பு, சுமார் 5 கோடிப் பெயர்களோடு, ஐம்பதுக்கும் மேற்பட்ட தகடுகளாக 2001-இல் வெளிவந்தது.

ஒரு தகடு, பலர் கண்கள்

இங்கேதான் நூலகங்களுக்குத் தொல்லை பிறந்தது. ஒருவர் கையிலுள்ள தகட்டை வேறொருவர் பார்க்க இயலாது. முதலில் அட்டவணைத் தகடு, பின்பு அந்த வட்டாரத்தின் தகடு என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். கைபடக் கைபடத் தகட்டில் கீறலும் விழும். இதற்காகத் தகடு படிக்கும் கருவிகள் பலவற்றை ஒரே பெட்டியில் அடுக்கி, கம்பி வழியாக எல்லாக் கம்ப்யூட்டர்களையும் இணைத்தார்கள்.

அதுவும் முழுத் தீர்வாகவில்லை. தொடக்ககாலக் கருவி வினாடிக்கு 150 கிலோபைட் மட்டுமே படிக்கும். இருவர் ஒரே தகட்டின் இரு பக்கங்களைக் கேட்டால், படிக்கும் முனை அங்குமிங்கும் ஓடி இருவரையும் காக்க வைக்கும். ஆகவே, வெளியிட்டவர் அனுமதித்த இடங்களில், தகட்டிலுள்ளதை நடுக் கம்ப்யூட்டரின் வன்தட்டில் நகலெடுத்து அங்கிருந்து பகிர்ந்தார்கள். அத்தட்டுக்கு எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே எழுத்தை அடையாளமாகக் கொடுத்தார்கள்; எழுத்து மாறினால் சில புரோகிராம்கள் தகடு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். படிக்கலாம், திருத்தக்கூடாது என்று பூட்டியும் வைத்தார்கள். 1999 மே மாதம் சால்ட் லேக் நகரத்தார் தம் அட்டவணைகளை இணையத்தில் திறந்தபின் தகடுகளின் தேவை சிறுகச் சிறுகக் குறைந்தது. 2017-இல் பிலிம்களை வெளியூர்களுக்கு அனுப்புவதும் நின்றது.

திருச்சபையின் எச்சரிக்கை

மார்மன் சபையார் இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்களை நிறுத்தித் தங்கள் முறைப்படி ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கமுடையவர்கள். பெயர்களைத் திரட்டும் அவர்தம் ஆர்வத்திற்கு வேர் அதுவே. அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-இல் உரோமை அறிவித்தது. 2008 ஏப்ரலில் குருக்கள் பேராயம் எழுதிய மடல், பங்கு ஏடுகளைப் படம் பிடிக்கவோ கம்ப்யூட்டரில் ஏற்றவோ அச்சபையாரிடம் கொடுக்க வேண்டாம் என்று ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. அவர்தம் உழைப்பால் பலர் தம் பாட்டனார் பெயரைக் கண்டடைந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், மந்தையின் பெயர்கள் எந்நோக்கத்திற்குச் செல்கின்றன என்று மேய்ப்பர் கேட்பது கடமையன்றோ?

நமக்குரிய பாடம்

முப்பதாண்டுக்கு முந்திய தகட்டைப் படிக்கும் கருவி இன்று பல கம்ப்யூட்டர்களில் இல்லை. கருவி கிடைத்தாலும் பழைய புரோகிராம் ஓடுவதில்லை. நானூறு ஆண்டுக்கு முந்திய ஏட்டையோ, எழுத்தறிந்தவர் எவரும் விளக்கொளியில் பிரித்துப் படிக்கலாம். ஆகவே தகடும் இணைப்பும் ஏட்டுக்குத் துணையேயன்றி ஏட்டுக்கு ஈடாகா.

பழைய ஏடுகளைக் கவனமாய்க் காக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 535-ஆம் எண் கட்டளையிடுகிறது. கரையானும் ஈரமும் அந்தச் சட்டத்தை அறியா. எனவே, ஆயரின் அனுமதியோடும் பங்குக்குருவின் மேற்பார்வையிலும் நம் ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுப்போம். அப்படங்களின் நகலை இரண்டு இடங்களில் வைப்போம். பெயர் அட்டவணை ஒன்றைக் கோயில் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் மட்டும் பகிர்ந்துகொள்வோம். உயிரோடிருப்பவர் விவரம் வெளியே போகாதபடி காப்போம். இளைஞர் கம்ப்யூட்டரைக் கவனிக்கட்டும். மங்கிய கையெழுத்தையும் பழைய வீட்டுப் பெயரையும் முதியோர் படித்துச் சொல்லட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அட்டவணை பிழையின்றி அமையும்.

கோபுரம் கட்டியவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. அக்கோபுரத்தின் கீழ் ஞானஸ்நானம் பெற்று, மணம் முடித்து, மண்ணுக்குள் சென்ற எல்லாரின் பெயரும் அந்த ஏட்டில்தான் இருக்கிறது. அதைக் காத்து அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்பது இவ்விழா ஆண்டில் நாம் செய்யத்தக்க நற்பணியாகும்.